பீச்சாங்கைக்காரன் துப்பாக்கிக்கு பிடி மாத்துன கதை

கராஜ்ல நின்னுக்கிட்டு காலி துப்பாக்கிய தோளுக்கு ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி ஒரு இருவது தடவ பண்ணிருப்பேன், ஒவ்வொரு தடவையும் என் இடது கட்டைவிரல் ரிசீவர் (துப்பாக்கியோட நடு ஒடம்பு) முதுகுல இருக்குற அந்த சின்ன சேஃப்டி பட்டன, தவறி சுட்டுறாம தடுக்குறத, தேடி போகுது, எட்டல, திரும்பி வருது. வாஷிங் மெஷின்ல துணி போட வந்த வீட்டம்மா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டு "என்னங்க, கொசு அடிக்கிறீங்களா"ன்னு கேட்டுட்டு போயிட்டாங்க. நூறு டாலருக்கு மேல குடுத்து வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க உக்காந்து மாட்டுன பிஸ்டல் கிரிப்பு அது, கைத்துப்பாக்கி மாதிரி ட்ரிகருக்கு கீழ தொங்குற பிடி. மாட்டி முடிச்ச அன்னிக்கே புரிஞ்சிருச்சு, நான் இந்த துப்பாக்கிய எதுக்காக தேடி வாங்குனேனோ அந்த ஒரே காரணத்த என் கையாலயே அடைச்சு வச்சிருக்கேன்னு.

முதல்லேர்ந்து சொல்றேன். நான் ஹூஸ்டன் பக்கம் கேட்டிங்கிற ஊர்ல இருக்கேன், ஆபீஸ்ல ஒரு வெள்ளக்கார பெரியவர், ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு, அவர்தான் என்னைய முத முதல்ல ஸ்கீட் சுட கூட்டிட்டு போனது. ஸ்கீட்னா தட்டு எறிவாங்க, அத சுடணும், ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு. களிமண் தட்டுன்னு பேரு, ஆனா அதுல களிமண்ணே கெடையாது, தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து அச்சுல ஊத்துனது, ஒரு ரவை பட்டாலே ஆரஞ்சு கலர்ல தூளா போகும் பாருங்க, அதுல ஒரு போதை இருக்கு. ஜார்ஜ் புஷ் பார்க்குக்குள்ள இருக்குற ரேஞ்ச்லதான் நாங்க போறது, 2017 ஹார்வி புயல்ல முழுசா தண்ணிக்குள்ள போன எடம் அது, அந்த பார்க்கே ஒரு வெள்ளத் தடுப்பு ஏரிக்குள்ளதான் இருக்கு, மழை வந்தா நம்ம ஸ்கீட் கிரவுண்டு கம்மாயி ஆயிரும்.

முதல் நாள் அவரோட துப்பாக்கிய குடுத்தாரு, வலது கைக்காரர் துப்பாக்கி. நான் பீச்சாங்கைக்காரன். சின்ன வயசுல சோத்த இடது கையால எடுத்தா அப்பத்தா கரண்டிக் காம்பால முட்டியிலயே வப்பாங்க, அதனால சாப்பாடு, கை குலுக்குறது, காசு குடுக்குறது எல்லாம் வலது கைக்கு மாத்திட்டாங்க, ஆனா பந்து எறியுறது, சுத்தியல் புடிக்கிறது, இப்ப துப்பாக்கி, எல்லாம் இடதுதான். கண்ணும் எனக்கு இடது கண்ணுதான் ஓங்குன கண்ணு. சாதாரண ஷாட்கன்ல சேஃப்டி பட்டன் ட்ரிகருக்கு பின்னாடி குறுக்கால இருக்கும், சுடறதுக்கு அத வலமிருந்து இடமா அழுத்தணும், வலது கைக்காரனுக்குத்தான் வசதி, ஆள்காட்டி விரல் தானா அங்க போயி நிக்கும். நமக்கு அது எதிர்ப்பக்கம். கைய பிரிச்சு, முட்டிய மடக்கி, ஏதோ பூட்டு ஒடைக்கிற மாதிரி இருக்கும்.

அதனாலதான் மாஸ்பெர்க் 930 வாங்குனேன். பழசு, ஒருத்தர் வேற ஊருக்கு போறாருன்னு கடையில குடுத்துட்டு போனது, ரெண்டு பேரலோட வந்துச்சு, வயலுக்கு 28 இன்ச், வீட்டுக்கு 18.5 இன்ச். மாஸ்பெர்க் கனெக்டிகட் மாநிலத்து கம்பெனி, 1919ல ஆரம்பிச்சது, இப்ப பெரிய ஃபேக்டரி நம்ம டெக்சாஸ்ல மெக்சிகோ பார்டர் ஒட்டி ஈகிள் பாஸ்ல இருக்கு. அவங்க துப்பாக்கில ஒரு விசேஷம், சேஃப்டி ரிசீவரோட முதுகுல, பின் பக்கம் நடு சென்டர்ல இருக்கும். முன்னாடி தள்ளுனா சுடும், சிவப்பு புள்ளி தெரியும், பின்னாடி இழுத்தா சுடாது. நடுவுல இருக்குறதால இடது கை வலது கை பாகுபாடே கெடையாது, சாதா ஸ்டாக்க, அதாவது தோள்ல முட்டுற பின் கட்டைய, புடிச்சா கட்டைவிரல் தானா அதுக்கு மேல போயி உக்காரும். இந்த உலகத்துல கத்திரிக்கோல்லேர்ந்து காலேஜ் பெஞ்ச் வரைக்கும் எல்லாத்தையும் வலது கைக்காரனுக்குன்னே செஞ்சு வச்சிருக்கானுங்க, இது ஒண்ணு எனக்காகவும் யோசிச்சு செஞ்ச மாதிரி இருந்துச்சு. சுட்ட ஷெல்லு மட்டும் வலது பக்கமாத்தான் தெறிக்கும், மூஞ்சிக்கு குறுக்க பறந்து போகும், பழகிருச்சு.

இங்க ஒண்ணு சொல்லிட்டு போயிடறேன், ஏன்னா நம்மாளுங்க நெறைய பேர் இதுல அசால்ட்டா இருக்காங்க. எச்1பி, எஃப்1 விசால இருக்குறவங்க அமெரிக்காவுல துப்பாக்கி, தோட்டா எதையும் வச்சிருக்கவே கூடாது, ஃபெடரல் சட்டம், வேட்டை லைசென்ஸ் இருந்தா ஒரு விதிவிலக்கு இருக்கு, ஆனா அத நம்பி எறங்குறதுக்கு முன்னாடி வக்கீல கேட்டுட்டு எறங்குங்க. கிரீன் கார்டு வந்தா பிரச்சனை இல்ல. நான் கிரீன் கார்டு வந்து எட்டு மாசம் கழிச்சுத்தான் வாங்குனேன், கடையில 4473ன்னு ஒரு ஃபாரம், அதுல ஏலியன் நம்பர் எழுதணும், அங்கேயே பேக்ரவுண்ட் செக் பண்ணுவாங்க. எனக்கு உடனே ஓகே வரல, ரெண்டு நாள் டிலே போட்டாங்க, பேரு நீளமா இருந்தா அப்படித்தான்னு கடைக்காரர் ஆறுதல் சொன்னாரு. ஊர்ல எங்க தெருவுல லைசென்ஸ் வச்சிருந்த ஒரே ஆளு ஒரு மிராசு தாத்தாதான், ஒத்தக்குழல் பன்னெண்டு போரு, எலெக்சன் வந்துட்டா அத போலீஸ் ஸ்டேஷன்ல கொண்டு போயி ஒப்படைக்கணும், ரெண்டு மாசத்துக்கு அவரு மீச எறங்கி இருக்கும்.

சரி, அந்த பன்னெண்டு போருன்னா என்னன்னு கேட்டீங்கன்னா, ஒரு பவுண்டு ஈயத்த சமமா பன்னெண்டு உருண்டையா உருட்டுனா ஒரு உருண்டைக்கு என்ன விட்டம் வருமோ அதுதான் குழலோட விட்டம், சுமாரா 18.5 மில்லிமீட்டர். பெரிய ஓட்டை, என்னோடதும் அதே போருதான். உதை இருக்கும்ல, அதுதான் என் பிரச்சனையே. ரெண்டு ரவுண்டு சுட்டுட்டு வீட்டுக்கு வந்தா தோள்பட்டைல இல்ல, புஜத்துல, கைக்கும் தோளுக்கும் நடுவுல, கத்திரிக்கா கலர்ல ஒரு வட்டம். என்னோடத மாதிரி செமி ஆட்டோ துப்பாக்கி, அடுத்த தோட்டாவ தானா ஏத்திக்கிறது, அதுல உதை கம்மின்னுதான் சொல்லுவாங்க, அது உண்மையும்தான், ஏன்னா சுட்டதும் பேரல்ல இருக்குற சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் கேஸ் வெளிய வந்து ஒரு பிஸ்டன தள்ளுது, பிஸ்டன் போல்ட்ட, அதாவது தோட்டாவுக்கு பின்னாடி மூடி நிக்கிற இரும்பு கட்டைய, பின்னாடி தள்ளுது, பழைய ஷெல் வெளிய, புதுசு உள்ள, இந்த வேலைக்கு போற நேரத்துல உதை கொஞ்சம் நீண்டு, ஒரே குத்தா இல்லாம ஒரு தள்ளு மாதிரி வரும். ஆனா எனக்கு குத்தாத்தான் வந்துச்சு.

நான் அஞ்சடி அஞ்சு. அத யோசிச்சிருக்கணும். யோசிக்கல. அதுக்கு பதிலா என்ன பண்ணேன்னா ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ பாத்தேன்.

வீடியோல எல்லாம் பிஸ்டல் கிரிப்புதான். அமெரிக்க மரைன் படை 1999லேர்ந்து வச்சிருக்குற பெனெல்லி எம்4, இத்தாலிக்காரன் துப்பாக்கி, படையில எம்1014ன்னு பேரு, அதுல ட்ரிகருக்கு கீழ தனியா ஒரு பிடி தொங்கும், பாக்கவே கம்பீரமா இருக்கும். மணிக்கட்டு வளையாம நேரா இருக்கும், கைய உள்ள இழுத்து புடிக்கலாம், உதைய உள்ளங்கையும் கொஞ்சம் தாங்கும்னு சொல்றாங்க. இதெல்லாம் பொய்யும் இல்ல. என்னோட மணிக்கட்டு சாதா ஸ்டாக்ல ட்ரிகர எட்டிப் புடிக்கிறதுக்குள்ள முறுக்கிக்கிட்டு நிக்கும், அதனால இதுதான் மருந்துன்னு முடிவு பண்ணிட்டேன். போதாததுக்கு மாஸ்பெர்க் கம்பெனியே 930ல பிஸ்டல் கிரிப் வச்ச ஒரு எஸ்பிஎக்ஸ் மாடல் வித்திருக்காங்க. அப்புறம் என்ன, ஆர்டர் போட்டாச்சு.

பார்சல் வர்றதுக்கு முன்னாடி சட்டம் பாத்தேன், அந்த மட்டும் புத்தி இருந்துச்சு. 1934ல வந்த நேஷனல் ஃபயர்ஆர்ம்ஸ் ஆக்ட்படி ஷாட்கன்னா பேரல் 18 இன்ச்சுக்கு கொறையக் கூடாது, மொத்த நீளம் 26 இன்ச்சுக்கு கொறையக் கூடாது, கொறஞ்சா அது வேற ஜாதி, அரசாங்கத்துல முன்கூட்டியே பதியாம செஞ்சா ஜெயில்தான். நான் வாங்குனது தோள்ல வக்கிற முழு ஸ்டாக்கும் இருந்து கூடவே பிடியும் இருக்குறது, அதனால நீளத்துல பிரச்சனை இல்ல, இருந்தாலும் டேப்ப வச்சு ரெண்டு தடவ அளந்தேன். இன்னொண்ணு 922ஆர்னு ஒரு பிரிவு, 1990ல வந்தது, வெளிநாட்டு செமி ஆட்டோ ஷாட்கன்ன வாங்கி இங்க வச்சு நம்ம இஷ்டத்துக்கு பாகம் மாத்தி, எறக்குமதியே பண்ண முடியாத ஒரு உருவத்துக்கு கொண்டு வந்தா அது குத்தம், இருவது பாகம் லிஸ்ட் வச்சிருக்காங்க, அதுல பத்துக்கு மேல வெளிநாட்டு பாகம் இருக்கக் கூடாது. ரஷ்யாவுலேர்ந்து வந்த சைகா 12 வாங்கி பிடி மாத்துனவங்க எல்லாம் இந்த கணக்க விரல் விட்டு எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. அதுல வேலையும் பெருசு, அது உள்ளுக்குள்ள ஏகே ரைஃபிள், எறக்குமதிக்காக ட்ரிகர பின்னாடி நகத்தி வச்சு அனுப்பினது, பிடி வைக்கணும்னா ட்ரிகரையே திரும்ப முன்னாடி கொண்டு போகணும். எனக்கு அந்த தலைவலி எதுவும் இல்ல, 930 இங்கயே செஞ்சது.

ஆனா மாநிலத்துக்கு மாநிலம் வேற கதை. சிகாகோ பக்கம் நேப்பர்வில்ல இருக்குற நம்ம காலேஜ் ஃபிரெண்டுகிட்ட போன்ல பெருமையா சொன்னேன், அவன் "மச்சி, நீ சொல்றத நான் இங்க பண்ணா கம்பி எண்ணணும்டா"ங்கிறான். இல்லினாய்ல 2023 ஜனவரில வந்த சட்டத்துல செமி ஆட்டோ ஷாட்கன்ல பிஸ்டல் கிரிப் இருந்தாலே அது அசால்ட் வெப்பன் கணக்கு. கலிஃபோர்னியாவுல மடக்குற ஸ்டாக்கோ நீட்டி சுருக்குற ஸ்டாக்கோ இருந்து, கூட பிஸ்டல் கிரிப்பும் இருந்தா மாட்டிக்குவீங்க. நாடு முழுக்க 1994லேர்ந்து 2004 வரைக்கும் இருந்த தடைலயும் இந்த பிஸ்டல் கிரிப் ஒரு அம்சமா இருந்துச்சு. ஒரே பிளாஸ்டிக் துண்டு, ஒரு ஊர்ல அலங்காரம், இன்னொரு ஊர்ல கேசு. எனக்கு இதுல ரெண்டு பக்கமும் முழுசா சேரத் தெரியல, ஆனா அந்த பிடி ஆள அப்படியே கமாண்டோ ஆக்கிரும்னு நெனைக்கிறவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க, அவங்கல்லாம் ஒரு நாள் என்னைய ஸ்கீட் கிரவுண்டுல பாத்திருக்கணும்.

இப்ப சனிக்கிழமைக்கு வர்றேன். நான் பாத்த வீடியோ எல்லாம் பம்ப் ஆக்சன் துப்பாக்கி, கையால முன்னாடி பின்னாடி இழுத்து தோட்டா ஏத்துறது, மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 மாதிரி. அதுல ஸ்டாக்குக்குள்ள ஒண்ணுமே கெடையாது, வெறும் கூடு, ஒரே ஒரு நீள ஸ்க்ரூ, கழட்டுனா கையோட வந்துரும், புதுச மாட்டி முறுக்குனா முடிஞ்சுது. அஞ்சு நிமிஷ வேலைன்னு நானும் காபிய கூட ஆறட்டும்னு வச்சுட்டு ஒக்காந்தேன். முதல்ல தோட்டா இருக்கான்னு பாத்தேன், மேகசின் குழாய்ல பாத்தேன், போல்ட்ட இழுத்து சேம்பர்ல, தோட்டா உக்கார்ற குழில, விரல விட்டே பாத்தேன், தோட்டா டப்பாவ வேற ரூம்ல கொண்டு போயி வச்சேன். பின்னாடி ரப்பர் பேடுல ரெண்டு ஸ்க்ரூ, ரப்பருக்குள்ள முங்கி இருக்கும், வெளிய தெரியவே தெரியாது, ஸ்க்ரூ டிரைவர் முனைல கொஞ்சம் சோப்பு தடவிட்டு உள்ள விட்டா ரப்பர் கிழியாம போகும், அத கழட்டியாச்சு. டார்ச் அடிச்சு உள்ள பாத்தா நான் எதிர்பாத்த ஸ்க்ரூவ காணோம், அந்த எடத்துல ஒரு குழாய் நிக்குது.

செமி ஆட்டோல இதுதான் விஷயம். போல்ட் பின்னாடி போனா திரும்பி முன்னாடி வரணும்ல, அத தள்ளுற ஸ்பிரிங் எங்க இருக்கும்? 930லயும் சரி, ரெமிங்டன் 1100லயும் சரி, நான் சொன்ன அந்த பெனெல்லிலயும் சரி, ஸ்டாக்குக்குள்ள ஒரு குழாய் போட்டு அதுக்குள்ளதான் அந்த ஸ்பிரிங்க வச்சிருக்காங்க. ஸ்டாக்குங்கிறது வெறும் கைப்பிடி இல்ல, துப்பாக்கியோட பாதி உயிர் அதுக்குள்ள ஓடுது. அதனாலதான் சினிமாவுல வர்ற மாதிரி ஸ்டாக்கே இல்லாம வெறும் பிடி மட்டும் வைக்கிறது இந்த துப்பாக்கிங்கள்ல நடக்காது, அந்த குழாய எங்க கொண்டு போயி வப்பீங்க? ரெமிங்டன் வி3ல அந்த ஸ்பிரிங்க ரிசீவருக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க, அதனாலதான் அவங்களால டாக் 13ன்னு ஸ்டாக் இல்லாத ஒரு செமி ஆட்டோ விட முடிஞ்சுது. நம்ம துப்பாக்கில பிடியும் வேணும் ஸ்டாக்கும் வேணும், ரெண்டும் சேந்ததுதான் ஒரே வழி.

நல்ல வேளை, குழாய் கடைசில இருக்குற நட்ட மட்டும் கழட்டுனா போதும், ஸ்டாக் பின்பக்கமா உருவிக்கிட்டு வந்துரும், ஸ்பிரிங்க தொடவே தேவையில்ல. அத தொட்டா என்ன ஆகும்னு ஒருத்தர் கேட்டாரு, குழாய் மூடிய கழட்டுனா உள்ள அமுங்கி இருக்குற ஸ்பிரிங் கண்ண தேடி வரும், வேற ஒண்ணும் ஆகாது. அந்த நட்டுக்கு ஆழமான சாக்கெட் வேணும், என்கிட்ட இருந்தது எல்லாம் கார் டயருக்குள்ளது, கடைக்கு போயி வர ஒரு மணி நேரம். உருவுனதும் அந்த பழைய குழாய் மேல பாத்தா துரு. லேசா, செம்மண் கலர்ல, விரல்ல ஒட்டுது. ஹூஸ்டன் ஈரக் காத்து, பழைய ஓனர் இந்த பக்கமே எட்டிப் பாக்கல போல. யாரும் பாக்க மாட்டாங்க, ஏன்னா துப்பாக்கி சுத்தம் பண்றதுன்னா பேரலும் போல்ட்டும்தான் நமக்கு. எண்ணெய் போட்டு நைசான இரும்பு நாருல தேச்சு, தொடச்சு, திரும்ப ஒரு மெல்லிசு எண்ணெய். பிடி மாத்துற வேலைல எனக்கு கெடச்ச ஒரே லாபம் இதுதான்னு வேணா சொல்லலாம். செமி ஆட்டோ வச்சிருக்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டாக்க உருவி அந்த குழாய பாருங்க, போல்ட் மெதுவா மூடுது, முழுசா மூடலன்னு புலம்புறவங்க துப்பாக்கில பாதி பேருக்கு அங்கதான் அழுக்கு சேந்திருக்கும்.

புது ஸ்டாக்க உள்ள தள்ளி, நட்ட போட்டு முறுக்கி, பேடு மாட்டி, தூக்கி பாத்தேன். அடடா. கண்ணாடி முன்னாடி போயி நின்னதையும் மறைக்காம சொல்லிடறேன். மணிக்கட்டு நேரா இருக்கு, ட்ரிகர் விரலுக்கு பக்கத்துல வந்துருச்சு. அப்புறம்தான் சேஃப்டிய தள்ளலாம்னு கட்டைவிரல தூக்குறேன்.

ஒரு தடவ கைய சும்மா வச்சு பாருங்க புரியும். சாதா ஸ்டாக்க புடிக்கும்போது கட்டைவிரல் மேல, கழுத்துக்கு குறுக்க போகும், பட்டன் அங்கேயே இருக்கும். பிஸ்டல் கிரிப்ப புடிக்கும்போது கை மொத்தமும் கீழ எறங்கிருது, கட்டைவிரல் பிடிய சுத்திக்கிட்டு பக்கவாட்டுல நிக்குது. ரிசீவர் முதுகுக்கு போகணும்னா பிடிய விட்டுட்டு, கைய மேல தூக்கி, தள்ளிட்டு, திரும்ப கீழ வந்து புடிச்சு, அப்புறம் ட்ரிகர். தட்டு அதுக்குள்ள பார்க்கு வேலிய தாண்டி போயிருக்கும். அந்த பெனெல்லில, ரெமிங்டன்ல எல்லாம் பிஸ்டல் கிரிப் வச்சாலும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா சேஃப்டி ட்ரிகருக்கு பக்கத்துல இருக்கு, பிடிய புடிச்ச கைக்கு எட்டும். மேல சேஃப்டி வச்ச துப்பாக்கிக்கு மட்டும்தான் இந்த பிடி ஒத்து வரல. நான் மேல சேஃப்டி இருக்குன்னுதானே தேடி தேடி இத வாங்குனேன்!

இதுக்கு எங்கயாவது வழி இருக்கான்னு பாத்தேன். உயரமான பெரிய பட்டன் விக்கிறாங்க, வழுக்காது, குளோவ்ஸ் போட்டாலும் தெரியும், ஆனா எட்டாத எடத்துல இருக்குற பட்டன பெருசாக்கி என்ன பண்றது. கட்டைவிரல சுத்தாம, ட்ரிகர் விரல் இருக்குற அதே பக்கம் மேலாக்க நீட்டி வச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு, அப்படி புடிச்சா பிடியோட அர்த்தமே போயிருது. சேஃப்டிய எடுத்து விட்டுட்டே நின்னா என்னன்னு எனக்கே ஒரு நிமிஷம் தோணுச்சு, தோணுன ஒடனே துப்பாக்கிய கீழ வச்சுட்டு போயி தண்ணி குடிச்சேன். ஒரு பிளாஸ்டிக் பிடி அழகா இருக்குங்கிறதுக்காக சேஃப்டி பழக்கத்த மாத்திக்கிற நெலமைக்கு வந்துட்டோம்னா அங்கேயே நிறுத்திடணும்.

இருந்தும் வாங்குன காசுக்கு ஒரு தடவ சுட்டு பாத்துருவோம்னு ரேஞ்சுக்கு கொண்டு போனேன். பெரியவர் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, மூக்குக் கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டு பாத்தாரு, அது சொல்றத விட மோசம். பழைய ஸ்டாக்ல எனக்கு 25க்கு 16, 17 வரும். அன்னிக்கு 11. சேஃப்டி மட்டும் இல்ல காரணம். பறக்குற தட்ட ரைஃபிள் மாதிரி குறி பாத்து சுடுறதில்ல, விரலால சுட்டிக் காட்டுற மாதிரி துப்பாக்கிய காட்டணும், ஒடம்பு மொத்தமும் சேந்து திரும்பணும், கீழேர்ந்து தோளுக்கு ஒரே வீச்சா வரணும். பிஸ்டல் கிரிப்புல முழங்கை கீழ எறங்கி ஒடம்போட ஒட்டிக்குது, கைய தூக்கி வீச முடியல, துப்பாக்கி முன்னாடி தொங்குற மாதிரி, தட்டுக்கு பின்னாடியே ஓடிக்கிட்டு இருந்தேன். நின்ன எடத்துல நின்னு எதிர்ல இருக்குற அட்டைய சுடறதுக்கு அது நல்லாத்தான் இருந்துச்சு, அதுல பொய் சொல்ல மாட்டேன். மூணாவது ரவுண்டுல ஸ்டாக் கடகடன்னு ஆட ஆரம்பிச்சுருச்சு, நட்டு லூசு. பழைய ஸ்டாக்ல இருந்த வாஷர வீட்ல டேபிள்லயே வச்சுட்டு வந்திருக்கேன், காபி டம்ளருக்கு பக்கத்துல.

அப்பதான் பெரியவர் வாய தொறந்தாரு. துப்பாக்கிய வாங்கி காலியான்னு பாத்துட்டு, என் முழங்கைய மடக்க சொல்லி, ஸ்டாக்கோட பின்பக்கத்த முழங்கை மடிப்புல வச்சு, விரல் ட்ரிகருக்கு எட்டுதான்னு பாத்தாரு. இது பழைய காலத்து கணக்கு, துல்லியம் கெடையாது, ஆனா ஒண்ணு புரிஞ்சிரும். எனக்கு ஒரு விரக்கடை பாக்கி நின்னுச்சு. ட்ரிகர்லேர்ந்து பின்பக்க பேடு வரைக்கும் உள்ள தூரம் என் துப்பாக்கில 14 இன்ச், சராசரி அமெரிக்க ஆம்பளைக்கு அளவெடுத்தது. அஞ்சடி அஞ்சு ஆளுக்கு அது நீளம், தூக்கும்போது அக்குள் பக்கம் சட்டையில மாட்டுது, அவசரத்துல தோள் குழிக்கு போகாம புஜத்துல போயி உக்காருது, அங்க உதைக்குது. கத்திரிக்கா வட்டத்துக்கு காரணம் பிடி இல்ல, நீளம். ட்ரிகர எட்டிப் புடிக்க மணிக்கட்டு முறுக்குனதும் அதுக்குத்தான். அண்ணன் சட்டைய தம்பி போட்டுக்கிட்டு காலர மாத்துனா சரியாயிரும்னு டெய்லர்கிட்ட போன மாதிரி ஆயிருச்சு என் கதை.

பழைய ஸ்டாக்க ஒரு கன்ஸ்மித்துகிட்ட, துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்கிட்ட, கொண்டு போனேன், உள்ள அந்த ஸ்பிரிங் குழாய் எங்க முடியுதுன்னு அளந்துட்டுத்தான் ரம்பத்தையே எடுத்தாரு, கண்டபடி வெட்ட முடியாது, முக்கால் இன்ச்சு எடுத்தாரு, கொஞ்சம் மெத்துனு ஒரு பேடு, கன்னம் சரியா உக்கார்றதுக்கு ஸ்டாக்குக்கும் ரிசீவருக்கும் நடுவுல வைக்கிற தகடு ஒண்ணு மாத்தி வச்சாரு. அந்த பிஸ்டல் கிரிப்புக்கு குடுத்ததுல பாதி கூட ஆகல. இதே மாஸ்பெர்க் 2020ல விட்ட 940 ஜேஎம் ப்ரோல இந்த நீளத்த மாத்திக்கிற வசதியே வச்சு தர்றாங்க. அந்த ஜேஎம்னா ஜெரி மிக்குலெக், உலகத்துலயே வேகமா சுடுற ஆளுங்கள்ல ஒருத்தர், அவரு பேர போட்டு வந்த 930லயும் 940லயும் இருக்குறது சாதா ஸ்டாக்குதான். இத ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி நான் கவனிச்சிருக்கலாம்.

போன வாரம் 19 அடிச்சேன். புஜத்துல ஒண்ணும் இல்ல. தட்டு கெளம்புறப்ப இடது கட்டைவிரலுக்கு கீழ அந்த பட்டன் டிக்குனு முன்னாடி போறது எனக்கு மட்டும் கேக்குது.

அந்த பிஸ்டல் கிரிப் ஸ்டாக் இப்ப கராஜ்ல கிரைண்டருக்கு மேல இருக்குற தட்டுல கெடக்கு, மூணு ரவுண்டு சுட்டது, கீறல் கெடையாது, 930க்கு மட்டும்தான் சேரும். அறுவது டாலர். கேட்டி பக்கம் வந்து எடுத்துக்கிறவங்களுக்கு அம்பது, ஒரு காபியும் உண்டு. இல்லினாய் ஆளுங்க கேக்காதீங்க. கட்டைவிரல் நீளமா இருக்குறவங்களுக்கு முன்னுரிமை.